புதுக் கிளை

உயிர் பிரிந்து கிடந்த கணவருக்கு அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

"வந்தாச்சு அண்ணி, எங்க அண்ணனோட பாதி உயிர்," என்று காதோரம் கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"மீதிப் பாதி மட்டும் எங்கிட்டயா இருந்துச்சு? போய் நாற்காலி எடுத்துப் போடு."

வந்தவள் அவரோடு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இரத்தத்தில் புகுந்தால் சாகும்வரை வெளியேறாத ரெட்ரோவைரஸ் ஒன்று. ஊர் ஊராக ஆய்வகங்கள் அதன் மரபணு வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கும். இவர்கள் அதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எதற்கு எது உறவு, எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று வம்சமரம் வரைவார்கள். அண்மையில் ஒரு நோயாளியின் ரத்தத்தில், கடல் தாண்டி வந்த புதுக் கிளை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். சாப்பிடும்போதும் போனில் அவள் குரல்தான். கிளை, வேர் என்று பேசிப் பேசி அவர் சிரிப்பாரே ஒரு சிரிப்பு, கட்டிக்கொண்டவளுக்கு அது ஒருநாளும் வாய்த்ததில்லை. கிருமியின் மேல்கூடப் பொறாமைப்பட்ட பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இவள் பட்டாள், பாவம்.

அன்று விடியற்காலையில், உயிர் பிரியும் முன், அவர் இவள் கையைப் பிடித்தார். தனக்கென்று ஏதோ வருகிறது என்று குனிந்தாள்.

"அவகிட்ட சொல்லு... அந்தப் புதுக் கிளை வேணாம். அது கடல் தாண்டி வந்ததில்ல. நம்ம ஆய்வகத்துல வளர்க்கிற கிருமிதான் அந்த நோயாளியோட ரத்தத்துல தவறிக் கலந்துருக்கு. ரெண்டுக்கும் ஒரு எழுத்துகூட மாறல... அவ்வளவு தூரம் வந்தது மாறாம இருக்குமா?"

பிறகு தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

ஆய்வகத்துக்காரி அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இவளுக்குத்தான் அந்த அழுகை வரவில்லை.

"நாளைக்கே தரவுத்தளத்துல ஏத்திடறேன் அக்கா, அந்தப் புதுக் கிளைய. சார் பேர்தான் முதல்ல. உலகமே பாக்கட்டும்."

மனைவி சீப்பைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். கடைசிப் பேச்சு தன்னோடு தங்கிவிடும். நாளைக்கு அவர் பெயரோடு அந்தத் தப்பும் உலகத்தைச் சுற்றும். அவர் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏத்தாதீங்க," என்றாள்.

சொன்னதைச் சொன்னபடி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ஆய்வகத்துக்காரியின் முகம் வெளுத்துப்போனது.

"ஊர்ல உள்ளதோட எல்லாம் ஒப்பிட்டேனே அக்கா... நம்மகிட்ட இருக்கிறதோட ஒப்பிடத் தோணலையே எனக்கு."

"அவருக்குத் தோணிச்சு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். ஆய்வகத்துக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"வேற... வேற ஏதாவது சொன்னாரா அக்கா?"

"சொன்னாரு," என்றாள் மனைவி. "அது எனக்குச் சொன்னது."

மின்விசிறிக் காற்றில் போர்வை விலகியிருந்தது. அதன் நுனியை அவர் தோளுக்கடியில் செருகிவிட்டு, கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.