ஹெல்மெட்டைக் கொடு

தேவநேசன் அந்த ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். யாராவது பறிக்க வந்தால் கடித்துவிடுவான் போலிருந்தது. ஹெல்மெட் கணேஷ்குமாருடையது. சற்றுமுன் எதிரணித் தடியன் ஒருவன் மோதியதில் பையனின் தலை தரையில் அறைந்தது. எழுந்தவன் நேராகப் போய் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கூட்டாளிகள்தான் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல சயா, குடுங்க," என்றான் கணேஷ்குமார். பர்மாவில் வாத்தியார் சயா. ஆட்டம் சொல்லிக்கொடுப்பவனும் சயாதான்.

"தரமாட்டேன்."

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் உள்ளே விடமாட்டார். அடிபட்டவனை வெளியே நிறுத்த இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

அணியின் முதலாளி பழனியப்பன், ரங்கூன் போட்டாதாங் துறைமுகத்தில் கிடங்கு வைத்திருப்பவர், குடையோடு வந்தார். "மணிலா டீமுக்கு ஆள் எடுக்கிறவரு இவனக் கூட்டிட்டுப் போகத்தான்யா வந்திருக்காரு. பையன் வாழ்க்கையில மண்ணப் போடாத."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பையன் மணிலா அணிக்குப் போனால் பேர் யாருக்கு, பலன் யாருக்கு என்று மைதானத்துப் புல்லுக்கும் தெரியும்.

முதலாளியைச் சமாளித்துவிடலாம். தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்த கணேஷ்குமாரின் அம்மா விஜயகுமாரியை என்ன செய்வது? பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற காலம். இருபது வயசுப் பிள்ளையை ரங்கூனில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தூங்குவாள்? மணிலா ஒன்றுதான் அவளுக்குத் திறந்திருந்த கதவு.

"நீங்க மட்டும் அமெரிக்கா காலேஜுல ஆடிட்டு வந்தீங்க. எம்புள்ள போவக் கூடாதா? குடுங்க சயா!"

ஆடிவிட்டு வந்த லட்சணம் தேவநேசனுக்கல்லவா தெரியும்! நாலு வருஷம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, முட்டிய முட்டெல்லாம் தலையில். இப்போது நாற்பது வயதில், ரங்கூனில் பிறந்து வளர்ந்த லான்மடாப் பேட்டையிலேயே சில நாள் வீட்டுக்கு வழி தெரியாமல் முச்சந்தியில் நிற்கிறான். வெட்கம், யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று பையனிடம் கேட்டான்.

"ஞாயிறு."

"யார் முன்னால இருக்கா?"

"நாமதான் சயா, ஆறு பாயின்ட்."

பதில் பட்டுப் பட்டென்று வந்தது. பழனியப்பன் சிரித்தார். தேவநேசன் ஆடிய அமெரிக்கக் காலேஜிலும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். பெஞ்சில் இருப்பவன் பதிலைக் காதில் ஓதிவிடுவான். ஓதியது தெரிந்தும் கிழட்டுக் கோச் கண்ணடித்து, முதுகில் தட்டி உள்ளே அனுப்புவான். அந்தப் பாவியைத் தெய்வமாகக் கும்பிட்ட காலம் ஒன்று உண்டு. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

"உங்கம்மா எங்கடா?"

இதை யாரும் ஓதியிருக்கவில்லை. கணேஷ்குமார் யோசித்தான். விஜயகுமாரி நீட்டிய போத்தலை வாங்கிக்கொண்டு, தெருவில் முகம் தெரியாத பெண்ணுக்குச் சொல்வதுபோல் பர்மியத்தில் மரியாதையாக நன்றி சொன்னான்.

"அம்மா வீட்ல சயா. ஆட்டம் பாக்க வராது, பயப்படும்."

விஜயகுமாரியின் வாய் திறந்தபடியே நின்றது.

"களைப்புல உளறுறான்," என்றார் பழனியப்பன். "ஹெல்மெட்டக் குடு தேவா. இல்லேன்னா இன்னியோட நீ வேணாம்."

அவர் கை நீட்டுவதற்குள் விஜயகுமாரி அதைப் பிடுங்கினாள். பையன் தலையில் மாட்டிவிடப் போகிறாள் என்றே தேவநேசன் பயந்தான். அவள் அதைத் தரையில் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப எடுங்க பாப்போம்! மணிலாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க சயா."

பழனியப்பன் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். தேவநேசன் டாக்சி கூப்பிட்டு, பையனைத் தாங்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தான். அவளுக்கும் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறவில்லை.

"டாக்டர் சரி பண்ணிருவாருல்ல, சயா?"

"பண்ணிருவாரு."

"சரியாயிட்டா," என்றாள், குரலைத் தாழ்த்தி, "பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களே."

தேவநேசனுக்குக் கோபம் கோபமாக வந்தது, அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.