வெற்றிச்செல்வி கடையின் கறுப்புக் கல்

அரியலூரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட் ஆலைகளுக்காகப் பூமியைத் தோண்டித் தோண்டி, இன்னும் கொஞ்சம் தோண்டினால் மறுபக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்து "என்ன வேணும்" என்று கேட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் வெற்றிச்செல்வி ஒரே ஒரு கல் வாங்கப் போனாள். அதற்கு நடந்த ரகளையில் பெரம்பலூர் பஸ் கண்டக்டர்கள் மூன்று நாள் டிக்கெட் கிழிக்க மறந்து அதையே பேசிக்கொண்டு போனார்கள்.

வெற்றிச்செல்வி பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் கால் நூற்றாண்டு சமைத்தவள். அவள் ஆக்கிய சோற்றைக் குவித்தால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் அதன் நிழலில் ஒதுங்கும். ஓய்வு பெற்ற கையோடு ஜெயங்கொண்டம் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில், ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். டிபன் கடை வைக்கப் போகிறாள். நாற்காலி கிடையாது, மேசை கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நீளமாக ஒரே மேடை. அவள் உள்ளே நின்று பரிமாறுவாள், வருகிறவர்கள் வெளியே நின்று சாப்பிடுவார்கள். அந்த மேடைக்கு மேலே என்ன போடுவது என்பதில்தான் வம்பு தொடங்கியது.

அவளுடைய அண்ணன் அய்யம்பெருமாள் கட்டட ஒப்பந்ததாரர். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தாலும் போய் நின்று "அப்படி இல்லப்பா, இப்படி" என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தங்கச்சி கடை என்றதும் டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"மைக்கா போட்டுரு புள்ள. பிளைவுட் அடிச்சு மேல மைக்காவ ஒட்டுனா சும்மா பளபளன்னு இருக்கும். ஆறு மாசம் கழிச்சு நாலு ஸ்குரூவக் கழட்டுனா வேலை முடிஞ்சிது."

"எதுக்குண்ணே கழட்டணும்?"

"இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ஒரு பேச்சுக்குன்னா அதென்ன ஆறு மாசம்?"

அய்யம்பெருமாள் தேநீரை ஊதத் தொடங்கினார். அது ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது, இருந்தாலும் ஊதினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அம்பிகாவுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அதில்லங்க, இந்த எடம் டைல்ஸ் கடைக்கு அம்சமா இருக்கும்னு இவருக்கு ஒரு நெனப்பு. நீங்களும் எத்தனை நாளைக்கித்தான் அடுப்புல வேகுவீங்க. ஆறு மாசத்துல அலுத்துப்போயி வூட்டுக்கு வந்துருவீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு."

வெற்றிச்செல்வியின் மூக்கு விடைத்தது. அந்த மூக்கு விடைத்தபோதெல்லாம் சத்துணவுக் கூடத்தில் அதிகாரிகள் ஜீப்பை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அந்த நிமிஷமே அவள் முடிவுகட்டிவிட்டாள். கழட்ட முடியாத ஒன்றைத்தான் போட வேண்டும். கடையைக் காலி செய்ய நினைக்கிறவன் சுவரையும் சேர்த்து இடித்தால்தான் உண்டு.

மறுநாள் காலை பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கத்துக் கல் கடையில் போய் இறங்கினாள். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் புளித்தண்ணீர் ஒரு பாட்டில், எலுமிச்சம்பழம், மஞ்சள்தூள், நல்லெண்ணெய், ஒரு தூக்குச் சட்டி சாம்பார், போதாக்குறைக்கு ஓர் இரும்புக் கரண்டி. கடையைப் பார்த்துக்கொள்கிற ஜெயசீலன், பொங்கல் வைக்க வந்த அம்மா வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தான்.

"தம்பி, ஹோட்டல் மேடைக்குக் கல்லு வேணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு எடுத்துப் போடு."

"எல்லாத்துலயுமாம்மா?"

"பின்ன, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி போட்டோவப் பாத்துட்டா போவேன்?"

முதலில் வெள்ளை மார்பிள் வந்தது. அவள் எலுமிச்சம்பழத்தை நறுக்குவதற்குள் ஜெயசீலன் கையைப் பிடித்தான். "அம்மா, புளிப்பு பட்டா அரிச்சிரும். பாலிஷ் போயிரும். ஹோட்டலுக்கு இத நானே குடுக்க மாட்டேன்." வெற்றிச்செல்விக்கு அவனைப் பிடித்துப்போனது. அடுத்தது செயற்கை வெள்ளைக் கல், குவார்ட்ஸ். பார்க்கப் பால்கோவா மாதிரி இருந்தது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினாள். தேய்த்துக் கழுவிய பிறகும் லேசாக மஞ்சள் தங்கினாற்போல அவளுக்குப் பட்டது. அவனுக்குப் படவில்லை. இருவரும் வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துச் சண்டைபோட்டார்கள். "கொதிக்கிற சட்டிய இறக்கி வைக்கலாமா?" என்று கேட்டாள். "அடியில மணை வச்சுக்கணும்மா" என்றான். "லாரிக்காரன் கையில டம்ளரோட நிக்கிறான், நான் மணையத் தேடிக்கிட்டு நிக்கவா?" என்று அதையும் தள்ளினாள்.

எவர்சில்வர் தகடு காட்டினான். கால் நூற்றாண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். கடப்பாக் கல்லில் எண்ணெய் விட்டாள். கல் அந்த எண்ணெயை அப்பளம் மாதிரி குடித்தது.

கடைசியில் கறுப்பு கிரானைட். புளித்தண்ணீர், எலுமிச்சை, மஞ்சள், சாம்பார் எல்லாவற்றையும் அதன் தலையில் கொட்டினாள். ஒரு கல்யாணப் பந்தியே அதன் மேல் கவிழ்ந்தது போல ஆயிற்று. துணியால் ஒரே இழுப்பு. கல் ஒன்றுமே நடக்காதது மாதிரி அவள் முகத்தைக் காட்டியது.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்மா. உங்க ஊரு சிமெண்ட் ஊரு. கறுப்புல தூசி விழுந்தா அப்பட்டமா தெரியும். நாளெல்லாம் தொடைக்கணும்."

"தெரிஞ்சாத்தானே தொடைப்பேன். தெரியாத அழுக்கு வெள்ளைக் கல்லுல இருந்துட்டுப் போவட்டும்."

அகலத்துக்கு அவளே அளவு கொடுத்தாள். தட்டு ஒன்று, அதற்கு முன்னால் டம்ளர் ஒன்று, அதற்கும் முன்னால் ஒரு லாரி டிரைவரின் முழங்கை. வாசலில் நின்ற லாரிக்காரரைக் கூப்பிட்டு முழங்கையை ஊன்றச் சொல்லி அளந்தாள். இரண்டே கால் அடி. பணத்தை அங்கேயே முழுசாக எண்ணி வைத்துவிட்டாள். அவளுடைய சொந்தப் பணம்.

ஊருக்குத் திரும்பினால் வாசலில் அண்ணன் சிரித்த முகமாக நிற்கிறார்.

"கல்லுதான் போடுவேன்னு போயிட்ட. போவட்டும். ஏத்திவர வண்டிக்கு வாடகை குடுக்காத. எம் மினி லாரிய அனுப்புறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உடன்பிறந்தவன் ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

கல் வந்தது. பாலிஷ் முகத்தில் அட்டை ஒட்டியிருந்தது. கீறல் விழாமலிருக்க என்றார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் காடி வெட்டி, கல்லின் முனைகளை உள்ளே செருகி, சிமெண்ட் அடைத்தார்கள். கொத்தனாரிடம் வெற்றிச்செல்வி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "பூகம்பம் வந்தா அரியலூர் போவணும், இந்தக் கல்லு நிக்கணும்."

திறப்பு நாளன்று காலையில் லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். பூரி மணம் திருச்சி வரைக்கும் போய்ச் சேர்ந்து, ரயிலில் தூங்கிக்கொண்டு வந்த நாலு பேர் அரியலூரில் தவறி இறங்கிவிட்டார்களாம். அய்யம்பெருமாள் வெள்ளைச் சட்டையில் வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றார். அட்டையை யாரும் தொடக்கூடாது, தன் கையால்தான் எடுப்பேன் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஒரே இழுப்பில் உரித்தார்.

கல்லின் மேல் முகத்தில், சாப்பிடுகிறவர் தட்டு வைக்கிற ஓரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் எழுத்து வெட்டித் தங்க வர்ணம் பூசியிருந்தது.

வெற்றிச்செல்வியின் கண்ணில் முதலில் பட்டது அண்ணன் பேர். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர்தான். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், தண்ணீர்த் தொட்டியில், சுடுகாட்டுக் கொட்டகையில்கூட உபயம் இன்னார் என்று எழுதுவார்கள். ஆனால் அவர்களெல்லாம் எதையாவது கொடுத்துவிட்டு எழுதுகிறவர்கள். இவர் கொடுத்தது ஒரு லாரி நடை. வருகிறவனெல்லாம் இதைப் படித்துவிட்டு, இது அண்ணன் வைத்துக் கொடுத்த கடை என்பான். அண்ணன் வைத்த கடையை அண்ணன் எடுத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

முன்வரிசையில் நின்ற டிரைவர் அறிவழகன் குனிந்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். "உ... பா... யம். உபாயம். அய்யம்பெருமாள், கட்டட ஒப்பந்ததாரர்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாது?" என்றார் அய்யம்பெருமாள்.

"உபாயம்னு போட்டிருக்குண்ணே. உங்க உபாயம்னு."

"உபயம்டா. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். பானாவுக்குப் பக்கத்துல காலு நிக்குது. தங்கக் காலு."

அப்போது எழுந்த சிரிப்பில் சாலையோரத்து லாரிகளிலிருந்து சுண்ணாம்புக்கல் சரிந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சிரிப்புக்கு நடுவில் அம்பிகா, "ஆமாமா, அந்த ஆறு மாச உபாயம்தானே" என்று யாரும் கேட்காமலே விளக்கம் கொடுத்துவிட்டாள். லாரிக்காரர்கள் விடுவார்களா? என்ன ஆறு மாசம், என்ன உபாயம் என்று முழுக்கதையையும் கறந்துவிட்டார்கள்.

மினி லாரி வழியில் பட்டறையில் நின்றபோது கல்லில் எழுத்து வெட்டிய வீரமணியை அய்யம்பெருமாள் போன் போட்டு வரவழைத்தார். அவன் மொபெட்டை விட்டு இறங்கியதுமே போனைத் தூக்கிக் காட்டினான்.

"நீங்க அனுப்புனதத்தானுங்க வெட்டுனேன். காலு நீங்க போட்டது."

"நான் எங்கடா போட்டேன்? வாயால சொன்னேன், போனு எழுதிக்கிச்சு."

"நீங்க இழுத்துச் சொல்லியிருப்பீங்க. உபா...யம்னு. பெருமையில இழுத்துருச்சு."

"அழி அத."

"கல்லுங்க. அழியாது. அடைச்சாலும் தழும்பாத் தெரியும்."

புளிக்கும் மஞ்சளுக்கும் அசையாத கல் என்று தேடித்தேடி வாங்கியது வெற்றிச்செல்விதான். இப்போது அந்தக் கல் அண்ணன் பேருக்கும் அசையவில்லை. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"புள்ள, கட்டிங் மிஷின் கொண்டாரச் சொல்றேன். ஓரத்துல ஆறு அங்குலம் அறுத்துத் தள்ளிருவோம். அரை மணி நேர வேலை."

"அறுத்தா முழங்கைய எங்க வைப்பாங்க?"

"முழங்கைய விடு. எம் மானம் போவுது."

"ஆறு அங்குலம் போனா என் மேடை போயிரும்ணே. நான் தட்டு வச்சு, டம்ளர் வச்சு, ஆளக் கூப்புட்டு அளந்து வாங்குன கல்லு."

"அப்ப வேற கல்லு வாங்கித் தாரேன். எங் காசுல. நெசமான உபயம்."

"வேண்டாம்."

"நான் பக்கத்துல இல்லாம இந்தக் கடைய நீ நடத்திருவியா?"

இதை அவர் சத்தமாகக் கேட்டுவிட்டார். வெற்றிச்செல்வி கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை மேடைமேல் வைத்தாள். சூடான கரண்டி. கல் சும்மா இருந்தது.

"தெனம் முன்னூறு புள்ளைக்கு ஆக்கிப் போட்டப்ப நீ எந்தப் பக்கத்துலண்ணே இருந்த?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு வீரமணியைப் பார்த்தாள். "உளி இருக்கா தம்பி?"

"இருக்குதுக்கா."

"அந்த வரிக்குக் கீழ இன்னொரு வரி வெட்டணும்."

"வெட்டிரலாம். ஆனா வாயால சொல்லாதீங்க, எழுதிக் காட்டுங்க. ஒரு தடவ பட்டது போதும்."

வெற்றிச்செல்வி பூரி மாவில் விரலைத் தொட்டாள். கறுப்புக் கல்லின் மேல் வெள்ளை வெளேரென்று எழுதினாள். பள்ளிக்கூடக் கரும்பலகையில் தினப்படி உணவுப் பட்டியல் எழுதிய கை. எழுத்து கோணவில்லை.

அறிவழகன் மறுபடியும் குனிந்து படித்தான். "மீறி நடத்துபவர்: வெற்றிச்செல்வி."

"செல்வி, வேணாம்" என்றார் அய்யம்பெருமாள். சின்ன வயசுக்குப் பிறகு அவர் அவளை அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதில்லை.

"வெட்டு தம்பி," என்றாள் அவள்.

வீரமணி உளியை வைத்துத் தட்டத் தொடங்கினான். மறுமுனையில் தட்டுகள் ஆட ஆட, லாரிக்காரர்கள் முழங்கையை ஊன்றிக்கொண்டு பூரி தின்றார்கள். ஒருவனாவது ஆட்டம் பொறுக்காமல் நகர வேண்டுமே, நகரவில்லை. அய்யம்பெருமாள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தன் பெயருக்குப் பக்கத்திலேயே நின்றார். வெற்றிச்செல்வி ஒரு தட்டில் நாலு பூரி வைத்து, கிழங்கு ஊற்றி, அவர் முன்னால் தள்ளினாள்.

"அங்க உளித்தூசி பறக்குதுண்ணே. அந்தாண்ட போயி வரிசையில நின்னு சாப்புடு."