வெருட்டுக் கிண்ணம்

பிறிஜெற் மூன்றாவது தரமும் அந்த இலக்கத்தைச் சுழற்றினாள். மறுபக்கத்தில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. முன்னறையில், பெட்டிக்குள், விழாவுக்கென்று வாங்கிய புதுச்சட்டையுடன் அப்பா கிடந்தார். தலைமாட்டு மெழுகுதிரிகள் மின்விசிறிக் காற்றில் அணைவதும், யாராவது எழுந்து கொளுத்துவதுமாகக் காலையிலிருந்து இதே வேலைதான். விசிறியை நிறுத்தலாமென்றால் அந்தப் புழுக்கத்தில் இருப்பவர்களும் போய்விடுவார்கள்.

"ஹலோ!"

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது.

"நவரத்தினம் அங்கிள், நான் பிறிஜெற். கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறன். அப்பா செத்திட்டார்."

நவரத்தினம் பெரிதாகச் சிரித்தார்.

"இஞ்ச கேட்டீங்களே, இந்த முறை மோளையும் சேர்த்திட்டான்!" இது பக்கத்தில் நின்றவர்களுக்கு. "பிள்ளை, நல்லாச் செய்யிறீர். குரல் இன்னும் கொஞ்சம் நடுங்கோணும். கொப்பரிட்டச் சொல்லும், பரிசுக்குப் பேர் கூப்பிட முந்தி வந்து சேரச் சொல்லி."

"அங்கிள், நான் பகிடி விடேல்ல. ரேடியோவிலயும் சொல்லியிருக்கு."

"ரேடியோவிலயுமோ? முன்னேற்றம்தான்!"

தொலைபேசியை வைத்துவிட்டார். பிறிஜெற்றுக்குச் சுவரில் தலையை முட்டலாம் போலிருந்தது. ஆனால் அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா சவுந்தரநாயகம், 'சுடலையூரான்' என்ற பெயரில் பேய்க்கதை எழுதுகிறவர். அவரைப்போலவே பிணமும் பிசாசுமாக எழுதிப் பிழைக்காமல் போன இருபது முப்பது பேர் சேர்ந்து 'நடுநிசி வட்டம்' என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு வெள்ளவத்தையில் மண்டபம் பிடித்து விழா எடுப்பார்கள். பெயர்தான் நடுநிசி. விழா பட்டப்பகலில் நடக்கும், பொழுதுபடமுன்னர் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பேய்க்குப் பயந்தல்ல. இருட்டிய பிறகு கொழும்பு வீதிகளில் தமிழரை மறித்தவர்களுக்குக் காலும் இருந்தது, துவக்கும் இருந்தது.

நல்ல கதைக்குப் பரிசு உண்டு. ஆனால் எல்லோருக்கும் கண் 'வெருட்டுக் கிண்ணத்தில்' தான். அந்த இரண்டு நாளுக்குள் மற்றவர்களை உண்மையாகவே வெருட்டுகிறவருக்குத்தான் அது. இரண்டு வருடத்துக்கு முன் சவுந்தரநாயகம் தான் செத்துவிட்டதாகத் தானே செய்தி அனுப்பி, மண்டபத்தில் மௌன அஞ்சலி நடந்துகொண்டிருக்கும்போது முகமெல்லாம் பவுடரைப் பூசிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நவரத்தினம் மயங்கி விழுந்து, மண்டை வெடித்து, தையல்கூடப் போட்டார்கள். கிண்ணத்தை நடுவர்கள் ஏகமனதாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மனுசன் செத்துவிட்டார் என்றால் எவர்தான் நம்புவார்?

பெற்ற மகளே நம்பவில்லையே. நேற்றுக் காலை விழாவுக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் கதிரையில் குந்தியவர், குனிந்தபடியே இருந்துவிட்டார். "அப்பா, காணும் நடிச்சது, பஸ் போகப்போகுது" என்று சொல்லிவிட்டு பிறிஜெற் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். சீனியும் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து பார்த்தபோதும் அவர் அப்படியே இருந்தார். அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை அவள் இன்னும் கழுவவில்லை. கழுவ மனம் வரவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டாள் மெற்றில்டா. புருசன் செத்ததிலிருந்து பெட்டியடியில் போட்ட கதிரையை விட்டு அவள் அசையவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

"நம்பினமில்லையம்மா."

"அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வா."

"அம்மா, மூண்டு மணிக்குப் பாதர் வந்திடுவார்."

"வரட்டும். அவற்ற ஆக்கள் வராமல் மூடி போட விடமாட்டன்."

அவருடைய ஆட்கள் என்று வேறு யார் இருக்கிறார்கள்? தம்பிமார் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. மகன் றேமண்ட் இத்தாலியில், விசா இல்லாத பிள்ளை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. இரவு ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, விசாரிக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்து ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போன இராணுவத்தினர் இன்னும் அவர்களை விடவில்லை. பெட்டி தூக்க நாலு தோள் கிடையாது. அடக்க ஒழுங்குகளைச் செய்யும் மலர்ச்சாலைக்காரர் தன்னுடைய பெடியள் தூக்குவார்கள் என்றார். மெற்றில்டா அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனுசன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பிறிஜெற் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தாள். காலிமுகத்திடலுக்குக் கிட்ட மறித்தார்கள். அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான்.

"மே கவுத?" யாரிது என்று கேட்டான்.

அப்போதுதான் கவனித்தாள். அவசரத்தில் நீட்டியது அப்பாவின் அட்டையை. இறப்புப் பதிவுக்கு என்று நேற்றுக் கொண்டுபோனது பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

"மகே தாத்தா," என்றாள். "ஈயே மெருணா."

என்னுடைய அப்பா, நேற்றுச் செத்துவிட்டார். காலையிலிருந்து தமிழில் தொண்டையில் சிக்கிச் சிக்கி வந்த சொல், சிங்களத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சிப்பாய்க்கு அவளுடைய வயதுதான் இருக்கும். வேறொன்றும் கேட்கவில்லை. அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்து, போகச் சொன்னான். ஓட்டோ நகர்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முன்பின் தெரியாத ஒருவன் ஒரே சொல்லில் நம்பிவிட்டான்.

மண்டபத்தில் கறுப்புக் கடதாசி வௌவால்கள் தொங்கின. பின்வரிசையில் ரோல்சும் பற்றிசும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார். கறுப்புச் சட்டையும் கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக பிறிஜெற் நடுவழியால் வந்ததைக் கண்டதும் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"வாரும் பிள்ளை, வாரும்! எங்க சுடலையூரான்? திரைக்குப் பின்னாலயோ?"

மூன்று நான்கு பேர் எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்த்தார்கள். பிறிஜெற் மேடையில் ஏறி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"என்ட அப்பா நேற்றுக் காலமை செத்திட்டார். பின்னேரம் அடக்கம். தூக்க ஆளில்லை. தயவுசெய்து வாங்கோ."

மண்டபம் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"தூக்க ஆளில்லையாம்! என்ன வசனமடா!" நவரத்தினம் கண்ணில் வந்த நீரைத் துடைத்தார். "இதுக்குப் பிறகு நடுவர் எதுக்கு?" என்று மேசையிலிருந்த வெருட்டுக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் திணித்தார்.

கிண்ணம் பாரமாக இருந்தது. அதைத் தூக்கி அவர்கள் தலைகளின்மேல் எறிந்தால் என்ன என்று நினைத்தாள். கோபத்தில் மூக்கு ஒழுகியது. கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லேஞ்சி எடுக்கக் கைப்பையைத் திறந்து கிண்டினாள். அப்பாவின் அடையாள அட்டை மேடையில் விழுந்தது.

நவரத்தினம் சிரித்தபடியே குனிந்து எடுத்தார். படத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இது அவன்ரயெல்லோ."

"ஓம் அங்கிள்."

"இதை நீர் கொண்டு வந்திட்டீர்." சிரிப்பு இன்னும் வாயில் ஒட்டியிருந்தது, குரலில் இல்லை. "அவன் அங்க காட் இல்லாமலோ இருக்கிறான்? ஆரும் வந்து கேட்டா?"

"இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம் அங்கிள்."

பால் வாங்கப் போனாலும் அட்டை. குப்பை கொட்டப் போனாலும் அட்டை. குளிக்கும்போதுகூட அதைச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் குளிக்கிறவர் சவுந்தரநாயகம். எந்தப் பகிடிக்காகவும் அதைப் பிறர் கையில் கொடுக்கமாட்டார். அந்த மண்டபத்தில் எவரும் கொடுக்கமாட்டார்கள். நவரத்தினம் மேடையின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். நெற்றியில் பழைய தையல் தழும்பைக் கை தடவிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஜவாஹிறா அவருடைய முகத்தைப் பார்த்தார். கொலன்னாவையிலிருந்து ஜின் கதைகள் எழுதுகிறவர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னாலில்லாஹி" என்று மரணச் செய்திக்கு ஓதுவதைத் தொடங்கினார். அதைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்கு விளங்கியது. ரோல்ஸ் தட்டோடு நின்றவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"மகள், எத்தின மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டார் ஜவாஹிறா. "எழும்புங்களேன் எல்லாரும்! வேன் பிடிங்க!"

வழியில் மூன்று இடத்தில் மறித்து இறக்கி ஏற்றினார்கள். கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது பாதர் ஜெபத்தை முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேமக்காலையில் குழி வெட்டிய ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று மலர்ச்சாலைக்காரர் கையைப் பிசைந்தார். மெற்றில்டா ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் போட்டபடி இருந்தாள். எவனாவது மூடியைத் தூக்கிப் பார்க்கட்டும் என்ற இருப்பு.

வேனிலிருந்து இறங்கியவர்கள் படலையடியில் குவிந்து நின்றார்கள். எத்தனை பிணத்தை எழுப்பி நடக்க விட்டவர்கள்! ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. ஒருவரை ஒருவர் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்கோ," என்றாள் மெற்றில்டா உள்ளேயிருந்து. "பயப்படாதேங்கோ. அவர் ஒண்டும் செய்யமாட்டார்."

நவரத்தினம்தான் முதலில் வந்தார். கையில் அந்தக் கிண்ணம். அதைக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தலைமாட்டுக்குப் போய், பெட்டிக்குள் குனிந்தார்.

"சவுந்தரம்," என்றார் மெதுவாக. "காணும். கிண்ணம் உனக்குத்தான். எழும்பு."

வீடு முழுக்க மூச்சுவிடாமல் நின்றது. பிறிஜெற்றும் நின்றாள். நேற்றிலிருந்து அவர் செத்ததைப் பதிந்து, அறிவித்து, சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக் களைத்துப்போனவள், அந்த ஒரு நிமிடம் அப்பாவின் கண் இமையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெழுகுதிரி ஒன்று அணைந்தது. கொளுத்த ஒருவரும் அசையவில்லை.

மலர்ச்சாலைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

"நில்லுங்கோ," என்றாள் மெற்றில்டா. "காட் எங்க?"

நவரத்தினம் தன் சட்டைப் பையைத் துழாவினார். இரண்டு அட்டைகள் வந்தன. இரண்டையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, ஒன்றைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினார்.

"அம்மா, அதைத் திருப்பி ஒப்படைக்க..." என்று தொடங்கிய மலர்ச்சாலைக்காரர், தூக்கிய மூடியைத் திரும்பக் கீழே வைத்தார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, கலவரம் நடந்த வருடத்திலிருந்து, சவுந்தரநாயகம் வெளிக்கிடும் ஒவ்வொரு காலையும் தான் செய்துவந்ததைத்தான் மெற்றில்டா செய்தாள். அட்டையைப் புதுச்சட்டையின் பைக்குள், படம் உள்பக்கம் பார்க்க வைத்தாள். பையின்மேல் இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "இனிப் போகலாம்."