காய்ச்சல் கண்ட வீடு

பிளம்பரின் வீட்டுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பது இப்போது சரியாக நினைவில்லை. உள்ளே மூன்று பேர் நான்கு நாள் அடைபட்டுக் கிடந்தார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள். மூன்று நாள்தான் என்பவர்களும் உண்டு. காய்ச்சல் வந்தது வீட்டுக்குத்தான் என்பதில் மட்டும் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. பிளம்பரின் மனைவி ஆஸ்பத்திரி லேபில் பதினேழு வருடமாகப் பிறர் தொண்டைச் சளியைச் சோதித்துவந்தவள். அவளே பஞ்சுக் குச்சியால் நடைச்சுவரைத் துடைத்து எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

கொண்டுவந்தது அவளுடைய அண்ணன். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்து, அப்போதே ஆறு வருடமாகக் கடைசி அறையில் இருந்தவர். தெருவே அவரை ரெண்டுநாள் என்றுதான் கூப்பிடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மின்விசிறியோடு பேசுவார். பிளம்பர் அவரோடு சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் எப்போதாவது தீர்ந்திருக்கும். தட்டை நகர்த்தும் சத்தத்திலும் குளியலறைக் கதவு முன் காத்து நிற்கும் நிற்பிலும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் ரெண்டுநாள் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, நடையில் நின்று மூன்று முறை தும்மினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் வாங்கிக்கொண்டது.

இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மதியம், வெளியே தார் உருகும் வெயிலில், வீடு நடுங்கத் தொடங்கியது. அலமாரியில் டம்ளர்கள் தந்தியடித்தன. மூவரும் போர்வைக்குள் புகுந்தார்கள். “குளிருதுன்னா காய்ச்சல் ஏறப்போகுதுன்னு அர்த்தம்,” என்றாள் மனைவி. “வீடு தனக்கு வேண்டிய சூட்டை மேல ஏத்தி வெச்சிடுச்சு. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் இப்படித்தான் உதறும்.” சாயங்காலம் சுவரில் வைத்த தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. அடுப்பு எத்தனை தீக்குச்சி கிழித்தும் பற்றவில்லை, வீட்டுக்குப் பசியில்லை. கூரை உத்தரங்களும் கதவுக் கீல்களும் முனகின.

“கிருமி நடையிலதானே இருக்கு, உத்தரம் ஏன் முனகுது?” என்று கேட்டார் பிளம்பர்.

“கிருமி நடையைத் தாண்டலைங்க. சண்டைக்கு ஆள் கூப்பிட்ட சேதிதான் வீடு முழுக்கப் போயிருக்கு. அந்தச் சேதிதான் வலிக்குது.”

“அப்ப என்னை யாரும் திட்டாதீங்க,” என்றார் ரெண்டுநாள் உள்ளேயிருந்து. “வீடு தன்னைத்தானே படுத்திக்குது.”

“நீ பேசாம படுண்ணே.”

கிருமிக்குத் தானாக ஒன்றும் செய்யத் தெரியாது. ஒரு செங்கல்லுக்குள் புகுந்து, அந்தச் செங்கல்லைக் கொண்டே தன்னைப்போல ஆயிரம் செய்யவைத்து, அது பொடிந்ததும் அடுத்ததற்குப் போகும். நடைச்சுவர் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர் இருந்ததையும், அது இரவும் பகலும் அசைந்து தூசியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததையும் அதுவரை யாரும் அறியவில்லை. பெருக்காமலே அந்த நடை சுத்தமாக இருந்ததற்குக் காரணம் தன் மனைவி அல்ல என்பது பிளம்பருக்கு அன்றுதான் தெரிந்தது. மயிரெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நான்காம் நாள் மரமெல்லாம் வீங்கி வாசல் கதவும், ரெண்டுநாளை உள்ளே வைத்தபடி கடைசி அறைக் கதவும் இறுகிக்கொண்டன. ஜன்னல்களுக்குக் கம்பி இருந்தது. தெருக்காரர்கள் கம்பி வழியாக ரொட்டி கொடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

பிறகு சுவர்கள் ஒழுகத் தொடங்கின. பிளம்பர் ஒரு முறை அடைத்த ஒழுக்கு மறுபடி ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை. வெளியே போக முடியாத மனிதர், கையில் சணலும் சிமென்டும் இருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பாரா? “ஒழுகட்டும், விடுங்க. உள்ள வந்ததை வெளிய தள்ளுது,” என்று மனைவி ஒரு முறை சொன்னாள். அவர் கேட்காததுபோல நாற்பது இடங்களை அடைத்தார். நாற்பத்தொன்றாவது, கடைசி அறையின் வீங்கிய கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு. அப்போது ரெண்டுநாள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் வீடு காய்ந்து கிடந்தது. சூடும் இறங்கியது. பிளம்பர் ஈரமில்லாத சுவரைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். ஏழாம் நாள் காலையில் காய்ச்சல் முன்பைவிட அதிகமாக ஏறியது. மனைவி தெர்மாமீட்டரை உதறி மறுபடி சுவரில் வைத்துப் பார்த்தாள். இறங்கி மறுபடி ஏறும் காய்ச்சல் அவளுக்குத் தெரியும்: மூச்சுப் போகும் வழி சிதைந்த இடத்தில் வேறு கிருமி நுழைந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, வெளியேற முடியாத நீரெல்லாம் அங்கே சேர்கிறது. வீட்டுக்கு அடி என்பது கடைசி அறை.

“மாப்ள, முட்டிக்கு வந்திருச்சு,” என்றார் ரெண்டுநாள். சிறிது நேரம் கழித்து, “இடுப்புக்கு வந்திருச்சு. மஞ்சளா, கஞ்சி மாதிரி இருக்கு. நான் கட்டில் மேல ஏறி நிக்கிறேன். கட்டில் இப்ப மிதக்கலாமான்னு யோசிக்குது.”

அவள் கதவையும் பார்க்கவில்லை, அழவும் இல்லை. கணவரைப் பார்த்தாள்.

“இந்த இடுக்கை எதுக்கு அடைச்சீங்க?”

“ஒழுகிச்சு.”

“ஒழுகிச்சுன்னு எனக்கும் தெரியும்.”

அவர் தனக்குள் கையை விட்டுத் துழாவினார். எத்தனையோ வீடுகளின் இருட்டுக் குழாய்களில் விரல் நுனியாலேயே அடைப்பைக் கண்டுபிடித்தவருக்கு இங்கே எதுவும் தட்டுப்படவில்லை. தெரிந்துதான் அடைத்தேனா? தெரியாமலா? உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். சிமென்ட் கல்லாக இறுகியிருந்தது, நல்ல வேலை. அரை மணி நேரம் அடித்ததில் விரல் அகலம் பெயர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து பேச்சு நின்றது.

அந்தப் பேச்சு ஒரு நாளாவது நிற்காதா என்று ஆறு வருடம் ஏங்கியவர் அவர். இப்போது அந்த அமைதியைக் காதால் தாங்க முடியவில்லை. “மச்சான்,” என்று கத்தினார். “ஏதாவது பேசு மச்சான். ரெண்டு நாள்ல போயிடுறேன்னு பொய்யாவது சொல்லு!” உளி வளைந்தது. அவர் கையாலேயே சிமென்டைப் பிய்த்தார். நகம் போனது தெரியவில்லை. கடைசித் துண்டு வந்ததும் வீடு ஒரு முறை மூச்சை இழுத்து, இருமியது.

கடைசி அறைக் கதவு பெயர்ந்து, மஞ்சள் நீர் கட்டிலையும் கட்டிலின் மேல் ரெண்டுநாளையும் அடித்துக்கொண்டு நடை வழியாகப் பாய்ந்து, வாசல் கதவை உடைத்துத் தெருவில் போய் நின்றது. பிளம்பர் நனைந்தபடி பின்னாலேயே ஓடினார். கட்டிலில் கிடந்தவர் ஒரு வாய் நீரைத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“ஆறு வருசம் தெரியாமப் போச்சே மாப்ள. நான் வாயை மூடினாத்தான் நீ என்கிட்ட பேசுவியா?”

மற்ற நாற்பது அடைப்புகளையும் பிளம்பர் அந்த வாரமே உடைத்தார். மயிர் முளைக்கும்வரை மூன்று வாரம் வீடு வறட்டு இருமல் இருமியது. ஒரு மாதம் பல்புகள் சோர்ந்து எரிந்தன. ரெண்டுநாள் அதே அறையில் இன்னும் எட்டு வருடம் இருந்து, ஒரு மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். மனைவி லேபிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். இடுக்கை எதற்கு அடைத்தீர்கள் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை. கிருமி ஒவ்வொரு வருடமும் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதால் வீட்டுக்கு அடையாளம் தெரிவதில்லை, வருடத்துக்கு ஒரு முறை காய்ச்சல் காண்கிறது. அந்த வாரம் பிளம்பர் வேலைக்குப் போவதில்லை. நடையில் ஒரு துணியோடு உட்கார்ந்து, ஒழுக ஒழுகத் துடைத்து விடுகிறார்.