கையளவு வீடு

எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வெயிலில் காய்ந்ததில் நான் பாதி ஆளாகிவிட்டேன். எல்லாம், தன் புது அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத்துக்குப் படம் எடுக்கச் சொன்ன பில்டரின் ஆசைக்காக. லென்ஸைச் சற்றே சாய்த்து, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, மேலும் கீழும் மங்க வைத்தால் நிஜக் கட்டடமும் பொம்மையாகத் தெரியும். அப்படி ஒரு படத்தை எங்கோ பார்த்துவிட்டு, "அப்படியே கைல எடுத்து வச்சுக்கலாம் போல இருக்கணும்" என்று என் உயிரை வாங்கினார். எடுத்துத் தொலைத்தேன். தெளிவான பட்டையில் அக்காவின் வீடு வரும்படி பார்த்துக்கொண்டது மட்டும் என் ஆசை.

அக்காவும் அத்தானும் அந்த வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காக ஊரின் மறுகோடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். எப்போது தருவீர்கள் என்று கேட்கப் போகும்போதெல்லாம் பில்டரின் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அட்டைக் கட்டடத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இப்போது நிஜமாகவே கட்டி முடித்தாயிற்று. நான் சொன்னேன்தான். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள், நம்பவில்லை.

விளம்பரம் வந்த காலையில் போன் செய்தாள்.

"மறுபடியும் பொம்மையக் காட்டுறாங்கடா. போதும். சாயங்காலம் போய் வீடு வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறோம்."

"அக்கா, அது பொம்மை இல்ல. நான்தான் எடுத்தேன். நிஜக் கட்டடம்."

"நீயும் அவங்களோட சேந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. நேரே போய் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

லிப்ட் இன்னும் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப்போய், வாசல் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"சுவர்தான்" என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

உள்ளே போய்க் கைப்பையைக் கீழே வைத்தாள். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒன்று சமையலறைச் சுவரில் பட்டது, மற்றது படுக்கையறைக் கதவில். அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுவருக்குச் சுவர் முழம் போட்டு அளந்தாள்.

"நீ பொய் சொல்லலடா. படத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

"அப்ப, வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறியா?"

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காலை முழுதாக நீட்ட முடியவில்லை. மடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு வீட்டுக்குக் காத்துக் கிடக்க எனக்குத் தெம்பு இல்லடா. உங்க அத்தானுக்குப் போன் போடு. கட்டில வித்துடச் சொல்லு."