மண்ணெண்ணெய் டின் தகடு

காரின் தரை ஏன் உடைந்தது என்று கஸ்பாருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

கார் செபாஸ்தியம்மாளுடையது. திண்டுக்கல்லில் நர்ஸம்மா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகு சுற்றுப்பட்டிகளுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துவந்தார். அந்த அலைச்சலுக்காக வாங்கியது இந்த முப்பத்தாறாம் வருஷத்து பிளசர் கார். சோலைமலை அதன் டிரைவர்.

போன வருஷம், அறுபத்தொன்றில், தரைத்தகடு துருவேறி உதிர்கிறது என்று கார் பேகம்பூர் பக்கத்தில் இருந்த கஸ்பாரின் தகட்டு வேலைப் பட்டறைக்கு வந்தது. நல்ல கனமான தகடு மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஆகும். ஆனால் பட்டறையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "ரெண்டே நாள்ம்மா, ஓட்டிட்டுப் போங்க" என்று கஸ்பார் சொல்லிவிட்டான். சொன்ன வாயைக் காப்பாற்ற, மண்ணெண்ணெய் டின்களை வெட்டி விரித்து, துருப்பிடித்த தகட்டின் மேலேயே வைத்து அறைந்தான். மேலும் கீழும் தார் பூசினான். அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டான். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. "பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றும் சொல்லி அனுப்பினான்.

ஒரு வருஷம்தான் தாங்கியது. ஐப்பசி மழையில், அகரம் கிராமத்திலிருந்து முத்துப்பேச்சி என்ற பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தார். தாடிக்கொம்பு ரோட்டில் வரும்போது வலி பொறுக்காமல் அவள் காலை ஊன்றி அழுத்தினாள். தரை பிய்த்துக்கொண்டது. கால் முழங்கால்வரை கீழே இறங்கி ஓடுகிற ரோட்டில் உரசியது. சோலைமலை பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் குதிகால் கிழிந்து எலும்பு நொறுங்கிவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தாயால்தான் கால் ஊன்றி நடக்க முடியவில்லை.

மறுநாள் காரைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் நிறுத்தினார்கள். "இது எப்படிடா இப்படி ஆச்சு?" என்று நர்ஸம்மா யாரைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டார்.

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நாந்தேன்ம்மா. உள்ள சேறா இருக்குன்னு வாளி வாளியா தண்ணிய ஊத்திக் கழுவுவேன். தண்ணி தங்கித் தங்கித்தேன் இத்துப்போயிருக்கும்."

நர்ஸம்மா கஸ்பாரைப் பார்த்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். கஸ்பாரும் ஒரு வார்த்தை சொன்னான்.

"தண்ணி நின்னா இரும்பு தாங்காதும்மா."

அது பொய்யில்லை. அதுதான் அவனைப் பின்னால் அதிகமாக அரித்தது. நர்ஸம்மா அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டு சோலைமலையை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

எல்லாரும் போனபின் கஸ்பார் காருக்குள் தலையை விட்டு உளியால் தாரைச் சுரண்டினான். டின்னின் மேல் அச்சடித்திருந்த எழுத்தில் பாதி அப்படியே இருந்தது. துண்டு துண்டாகப் பிய்த்தெடுத்து, கழிவுத் தகரக் குவியலுக்கு அடியில் செருகி வைத்தான்.

இந்தத் தடவை தகட்டுக்கு அவனே மதுரைக்குப் போனான். துருவேறிய பழைய தரையை முழுக்க வெட்டி எடுத்தான். அட்டையில் அளவெடுத்து, அட்டையைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு கிழித்தான். நடுவில் சக்கரத்துக்குப் போகும் தண்டு ஓடுகிறதே, அதற்குத் தரை மேடாக எழும்ப வேண்டும். தகட்டை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி அந்த மேட்டை எழுப்பினான். தகடு துவளாமல் இருக்க நீளவாக்கில் வரிகள் வேண்டும். புளியங்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து, விரல் அகலம் விரல் அகலமாக அடித்து இறக்கினான். ஒரு வரி கோணலாகிவிட்டது என்று ஒரு முழுத் தகட்டையே ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி தொடங்கினான். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெண் காலை ஊன்றுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. தங்கள் வண்டி வேலையை விசாரிக்க வந்தவர்களிடம்கூட அவன் நிமிர்ந்து பேசவில்லை.

பத்தாம் நாள் நர்ஸம்மா வந்தார். பொருத்தியிருந்த தரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு நேர்த்தியா அடிச்சிருக்கியே கஸ்பாரு! நீ ஒருத்தன்தான்டா யோக்கியமா வேலை செய்யறவன்."

கஸ்பாருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் அதோடு நிறுத்தவும் இல்லை.

"அந்தச் சோலைமலையைத்தான் நெனைச்சாப் பாவமா இருக்கு. தெனமும் விடிஞ்சதும் அகரத்துக்குப் போயி அந்தப் புள்ள வீட்டுக்குத் தண்ணி எறைச்சுக் குடுக்கிறானாம். அவ கிணத்தடிக்கு நடக்க முடியாதுல்ல. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு அவ காலைப் புடிச்சு அழுதானாம்."

கஸ்பார் எழுந்தான். குவியலுக்கு அடியில் கையை விட்டு அந்த டின் துண்டுகளை இழுத்தெடுத்து அவர் முன்னால் போட்டான்.

"அவன் கழுவுனதால இல்லம்மா. இதுதேன் காரணம். நான் வச்ச தகரம்."

நர்ஸம்மா குனிந்து எழுத்தைப் பார்த்தார். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

"அன்னைக்கு நீ வாயைத் தொறந்திருக்கலாம்ல? எல்லார் முன்னாலயும் வச்சு அவன் சாவியப் பிடுங்குனேனேடா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனப் பாப்பேன்?"

"மொதல்ல நீ போயி அவங்கிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் விடியக் கஸ்பார் சைக்கிளில் அகரத்துக்குப் போனான். கிணற்றில் சோலைமலை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வாசலில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டு முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் கேட்கும்படி கஸ்பார் சொன்னான். டின்னை, தாரை, பத்து வருஷம் என்று சொன்னதை, அப்புறம் பட்டறையில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை.

யாரும் திட்டவில்லை. முத்துப்பேச்சி கஸ்பாரைப் பார்க்காமல் சோலைமலையைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நீங்க எதுக்குண்ணே அம்புட்டு அழுதீங்க?"

சோலைமலை கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"தெனமும் அந்தத் தண்ணிதேன் கனவுல வருது" என்றான். "ஊத்தாம இருந்திருக்கலாமேன்னு."

கஸ்பார் போய்க் கயிற்றைப் பிடித்தான். "குடு சோலைமலை. இனிமே நான் எறைக்கிறேன்."

"விடுண்ணே." சோலைமலை கயிற்றை விடவில்லை. குரலில் கோபமும் இல்லை. "நீ போயி காரை முடி."

நர்ஸம்மாவே அகரத்துக்குப் போய் சோலைமலையிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கழித்துத்தான் அவன் வேலைக்குத் திரும்பினான். கார் அதுவரை பட்டறையில் நின்றது. முத்துப்பேச்சியை மதுரையில் எலும்பு டாக்டரிடம் காட்டுவது என்று முடிவானது. அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, நர்ஸம்மா அவளை ஜட்கா வண்டியில் நேரே பட்டறைக்கே கூட்டிவந்துவிட்டார்.

"நீயே பாத்துக்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

சோலைமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் காருக்குள் பார்த்தாள். ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொன்னாள். கஸ்பார் தூக்கினான். அவள் கதவோரம் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, நல்ல காலை உள்ளே வைத்து ஓங்கி மிதித்தாள். மறுபடி மிதித்தாள். ஓரத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை. சத்தம் கெட்டியாகக் கேட்டது. கஸ்பார் தரையைப் பார்க்கவில்லை, வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெட்டியாத்தேன் இருக்கு" என்றாள் அவள். பிறகு முதல்முறையாகக் கஸ்பாரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இம்புட்டு நல்லா அடிக்க அப்பவே தெரியுமாண்ணே ஒங்களுக்கு?"

கஸ்பார் ஆமென்று தலையசைத்தான். சோலைமலை அவளை மெல்லத் தூக்கிச் சீட்டில் சரியாக உட்காரவைத்து, கதவைச் சாத்தினான்.