நான்காம் ரீல் முத்தம்

கதாநாயகி நடந்தால் நான் நடப்பேன். அவள் கதவைச் சாத்தினால் நான் சாத்துவேன். படப்பிடிப்பில் பதிவாகும் சின்னச் சத்தங்கள் பெரும்பாலும் தேறாது. திரையைப் பார்த்துக்கொண்டே அவற்றை மறுபடி உண்டாக்குவதுதான் எஃபெக்ட்ஸ் வேலை. எங்கள் அறைத் தரையில் கருங்கல், மரப்பலகை, மணல், டைல்ஸ் என்று சிறு சிறு சதுரங்கள் இருக்கும். அலமாரியில் நாற்பது ஜோடி செருப்பு. முத்தம் வந்தால் என் புறங்கையை நானே முத்தமிட வேண்டும்.

"அஞ்சு வருஷம் பிசிக்ஸ் படிச்சது இதுக்காடி?" என்பாள் அக்கா. "உன் தங்கச்சிக்கு என்ன வேலைன்னு மாமியார் கேட்டாங்க. சினிமாவுக்குச் சத்தம் போடுறான்னு சொன்னேன். வாயே திறக்காத அந்தப் பொண்ணான்னு கேக்குறாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவன் அவன். என்னை சயின்டிஸ்ட் என்பான். ஸ்டுடியோவில் நான் அவனை 'நீங்க' என்பேன், அவன் அறையில் 'நீ'. ஏழு மாதமாக அந்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "இது சும்மா. நீ என்னை எதுவும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். கேள்வி கேட்கக் கூச்சப்படும் எனக்கு அது வசதியாகவே இருந்தது. அவன் அறையில் ஒரே ஒரு டம்ளர்தான் உண்டு. அவன் குடித்து, கழுவி, எனக்குத் தருவான். இன்னொரு டம்ளர் வாங்கலாம் என்று இரண்டு முறை கடை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

எங்களிடம் வேலைக்கு வந்த படமும் அதே கதை. ஓர் ஆணும் பெண்ணும் சும்மா பழகலாம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். பத்து விதிகள். ஒவ்வொன்றாக மீறி, கடைசி ரீலில் காதலர்களாகிவிடுகிறார்கள். நடுவில் ஒரு நாய் அந்த ஒப்பந்தத்தையே தின்றுவிடுகிறது. நான்காம் ரீலுக்குச் சத்தம் எடுத்த அன்று, "பாத்தியா, நம்ம கதையத் திருடிட்டாங்க" என்று அவன் சிரித்தான். முடிவையும் திருடியிருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிறகு அவனுக்கு வேறொரு நாட்டு ஸ்டுடியோவிலிருந்து வேலை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று வேலை முடிந்ததும் அவனிடம் 'போகாதே' என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். ஒரே சொல். பஸ்ஸில் வரும்போது உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று கடைசி ரீல். டைரக்டர் வந்திருந்தார். அதற்கு முன்னால் நான்காம் ரீலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். சமையலறையில் அந்த இருவரின் முதல் முத்தம் வந்தது.

"நிறுத்துப்பா" என்றார். "என்னம்மா இது, இந்த முத்தத்துல ஏன் இவ்வளவு பாசம்?"

"பாசமா சார்?"

"ரெண்டு பேரும் இன்னும் சும்மாதான் பழகுறாங்க. இதக் கேட்டா, இவ இப்பவே கல்யாணப் பத்திரிகை அடிச்சிடுவா போலிருக்கு. பசிச்சா ஒரு பிஸ்கட் எடுத்து வாயில போட்டுக்கறோமில்ல, அந்த மாதிரி வேணும்."

மைக் முன்னால் நின்று கையை உயர்த்தினேன். முதல் டேக் சரியில்லை. இரண்டாவதில் ஈரத்தைக் குறைத்தேன். மூன்றாவதில் நேரத்தைக் குறைத்தேன்.

"சயின்டிஸ்ட், பிஸ்கட்ட நெனச்சுக்கோ" என்றான் அவன், அங்கிருந்து என் அறைக்குப் பேசும் டாக்பேக்கில்.

நினைத்தேன். "குறைஞ்சிருக்கு. ஆனா முழுசா விடல" என்றார் டைரக்டர், காய்ச்சலைச் சொல்வதுபோல.

ஆறாவது டேக்கில் தவறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உதட்டை எடுக்க வேண்டிய இடத்தில் கால் நொடி தாமதிக்கிறேன். தெரிந்தும் அதை நிறுத்த முடியவில்லை. அவனும் கேலி செய்வதை விட்டுவிட்டான். ஹெட்ஃபோனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். அந்தக் கால் நொடி அவனுக்குப் பழக்கமானதுதான்.

ஒன்பதாவது டேக்குக்குப் பிறகு எழுந்து உள்ளே வந்தான்.

"நீ உக்காரு. சார், நான் ஒண்ணு ட்ரை பண்றேன்."

தன் புறங்கையை முத்தமிட்டான். ஒரே தடவை.

"இதேதான்" என்றார் டைரக்டர். "ஒரே டேக்ல எப்படிப்பா?"

அவன் திரும்பிப் போய் அதைப் படத்தோடு ஓட்டிக் காட்டினான். டைரக்டர் மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். ஏழு மாதமாக எனக்குத் தெரிந்த முத்தம். தள்ளி நின்று கேட்டது அன்றுதான். சுத்தமாக இருந்தது. தொடங்கியது, முடிந்தது. பின்னால் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"பொண்ணு குடுத்தத அழிச்சிடாத. கடைசி ரீலுக்கு அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு டைரக்டர் போன் பேச வெளியே போனார்.

"சயின்டிஸ்ட்" என்றான் அவன்.

"சொல்லுங்க."

"நாலாவது ரீல் எப்ப எடுத்தோம்?"

"மூணு மாசம் இருக்கும்."

"அப்பவேவா?"

தலையாட்டினேன்.

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

டாக்பேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்திவிட்டான். அவன் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. ஏசி கேட்டது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

"நான் இன்னைக்கு அவங்களுக்குப் பதில் போடணும்" என்றான்.

வாய்க்குள் சொல் இருந்தது. கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். நான் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தவன் முகம்.

"போடுங்க" என்றேன்.

டைரக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசி ரீலில் கதாநாயகி கதாநாயகனைத் தடுத்து நிறுத்த விமான நிலையம் முழுவதும் ஓடுகிறாள். அலமாரியிலிருந்து அவளுடைய ஹை ஹீல்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு டைல்ஸ் சதுரத்தில் ஏறினேன். மைக் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதால் நின்ற இடத்திலேயேதான் ஓட வேண்டும். ஓடினேன். பாதியில் டைரக்டர் நிறுத்தச் சொன்னார்.

"மூச்சு கேக்குதும்மா. அழற மாதிரி இருக்கு. உன் மூச்சு வேண்டாம், அத டப்பிங்ல அந்தப் பொண்ணு குடுப்பா. நீ காலை மட்டும் குடு."

"சரி சார்."

வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையை உயர்த்தி, இறக்கினான். ஓடலாம் என்று அர்த்தம்.